ராஜினாமா கடைசியில்: வேலையை விட்டு நர்சிங் படிக்க நினைப்பவர்களுக்கு

இருபத்தெட்டு, முப்பது வயதில், மாதா மாதம் சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஒரு வேலையில் இருப்பவர் "நர்சிங் போயிடலாமா?" என்று கேட்டால், வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. "சேவை மனசு இருந்தா போங்க" என்பது ஒன்று. "ஃபாரின்ல லட்சக்கணக்குல சம்பளம்" என்பது இன்னொன்று. இரண்டையும் வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மனசைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு தாள்கள்: உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், உங்கள் பிறப்புச் சான்றிதழ்.

மதிப்பெண் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது பாடங்கள். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு அங்கேயே மூடிவிடும். அதன் பிறகு நீங்கள் வாங்கிய பி.காம்., பி.இ. எதுவும் இங்கே கணக்கில் வராது. அவர்களுக்கு மிச்சம் இருப்பது மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு) டிப்ளமோ. அதில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம், 40 சதவீதம் போதும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களை எழுதிவிட்டு பி.எஸ்சி.க்கு வருகிறவர்களும் உண்டு. அதற்குக் கூடுதலாக ஒரு வருடம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது வயது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி இரண்டு படிப்புக்கும் உச்ச வரம்பு 35. "அப்போ நேரம் இருக்கு" என்று நினைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 35 என்பது உள்ளே போகும் வாசலின் வயது. படித்து முடித்து வெளியே வரும்போது இன்னும் சில வாசல்கள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது எழுதியிருக்கும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது, ஓ.பி.சி.க்கு 3 வருடம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடம் தளர்வு. நர்சிங் ஆபீசருக்கு அங்கே தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. நர்சிங் படித்த எல்லோரும் கண் வைக்கும் இடம் அது. 27 வயதில் பி.எஸ்சி. சேர்ந்தால் முடிக்கும்போது 31. பொதுப் பிரிவு என்றால் நார்செட் அங்கேயே போய்விட்டது. ஜி.என்.எம். ஒரு வருடம் சீக்கிரம் முடியும்தான். ஆனால் அதை வைத்து நார்செட் எழுத, 50 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் 2 வருட அனுபவம் வேண்டும். மொத்தம் ஐந்து வருடம் ஆகிவிடும். இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்பதை ஆண்கள் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ரயில்வே கொஞ்சம் தாராளம். 2025-ல் வந்த நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அறிவிப்பில் வயது 20 முதல் 40 வரை. சம்பள நிலை எய்ம்ஸுக்குச் சமம். முப்பதுக்கு மேல் படிக்க வருகிறவர்கள் நார்செட் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. காலியிடங்கள் குறைவு, ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு வராது என்பதும் உண்மை.

தமிழ்நாடு அரசுப் பணி என்றால் எம்.ஆர்.பி., அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். "கவர்மென்ட் ஸ்டாஃப் நர்ஸ்" என்றதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலரும். ஆனால் எம்.ஆர்.பி. தேர்வில் வென்றவுடன் காலமுறைச் சம்பளம் கிடைத்துவிடாது; முதலில் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரு நிலையான தொகை. 2015-ல் அப்படிச் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். அது 14,000 ஆகி, பின்பு 18,000 ஆனது. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. காலியிடம் உருவாக உருவாகத்தான் வரிசைப்படி நிரந்தரம் செய்கிறார்கள். ஏற்கெனவே 40,000 வாங்கிக்கொண்டிருப்பவர் இந்த வருடங்களை எப்படிக் கடப்பார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் வேலையின் சம்பளத்தை, பத்து வருட சர்வீஸ் உள்ள நிரந்தர அரசு நர்ஸின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

தனியார் மருத்துவமனை பற்றி: 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. சிறு நகரங்களில் புதிதாக வரும் பி.எஸ்சி. நர்ஸுக்கு 15,000-க்குப் பக்கத்தில்தான் இன்றும் பேசுகிறார்கள். சென்னையில், கோவையில் பெரிய இடமென்றால் சற்றுக் கூட. உங்கள் பழைய வேலையின் எட்டு வருட அனுபவத்துக்கு வார்டில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்காது. 22 வயதுப் பெண்ணும் 34 வயதான நீங்களும் ஒரே சம்பளத்தில், ஒரே நைட் டியூட்டியில் நிற்பீர்கள்.

இப்போது பணத்தைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 35,000 கையில் வருகிறது என்று வையுங்கள். நான்கு வருடம் என்றால் 48 மாதம். சம்பள உயர்வே இல்லையென்றாலும் 16,80,000 ரூபாய் வராமல் போகிறது. தனியார் கல்லூரியில் ஃபீஸ், ஹாஸ்டல், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், வெளியூர் போஸ்டிங் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று குறைத்துப் போட்டாலும் நான்கு லட்சம். ஆக 20 லட்சத்தைத் தாண்டுகிறது. இதைப் பார்ட் டைமில் குறைக்க வழியில்லை. பி.எஸ்சி. நர்சிங்கில் மாலைக் கல்லூரி, தபால் வழி எதுவும் கிடையாது. தியரியில் 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். ஆனால் கிளினிக்கல் போஸ்டிங் எனும் வார்டுப் பயிற்சி ஒவ்வொன்றிலும் 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். விட்ட நாட்களை விடுமுறையில் போய் நின்று ஈடுகட்ட வேண்டும். "வீக்எண்ட் வேலை பார்த்துக்கிட்டே படிச்சிடுவேன்" என்பது முதல் செமஸ்டரின் அனாட்டமி, ஃபிசியாலஜியிலேயே கரைந்துவிடும். அட்டென்டன்ஸ் இல்லாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி வரும் ஏஜென்டுகள் உண்டு. அந்தச் சான்றிதழோடு தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்யப் போகும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். பதிவு இல்லையென்றால் நீங்கள் நர்ஸ் இல்லை. சேருவதற்கு முன், அந்த வருடத்துக்கான அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். போன வருடத்துப் பட்டியலின் ஜெராக்ஸைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

செலவைக் குறைக்கும் ஒரே நேர்வழி அரசு ஒதுக்கீடு. சென்னை, மதுரை, சேலம் போன்ற அரசு நர்சிங் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகள் அரசுக்குத் தரும் இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் வேண்டாம். ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு விண்ணப்பமும் தேர்வு முறையும் தனி. பத்து வருடத்துக்கு முன் 1200-க்கு வாங்கிய மதிப்பெண்ணை இன்றைய கட்-ஆஃபோடு எப்படி ஒப்பிடுகிறார்கள் என்பதையும், வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதையும் அந்தந்த வருடத் தகவல் கையேட்டில் வரிக்கு வரி படியுங்கள். கையேடு வந்து, கலந்தாய்வு முடிந்து, சேர்க்கை ஆணை கையில் வந்த பிறகுதான் அலுவலகத்தில் வாயைத் திறக்க வேண்டும்.

சரி, பணமும் வயதும் ஒத்துவருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி வார்டு. "ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா" என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு: அவசரத்துக்கு நடுவே தப்பில்லாமல் சின்னச் சின்னக் கணக்குப் போடுவது.

ஒரு உதாரணம். நம் ஊரில் சாதாரண இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலின்கள் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரவு இரண்டு மணி, ட்ராலியில் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வந்தது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். காலையில் சர்க்கரை ஏன் 380 என்று டாக்டர் கேட்பார். இது பரவாயில்லை. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து: 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அரை மில்லி, 50 யூனிட். நோயாளி வேர்த்து, நினைவு தப்பி, நீங்கள் அடுத்த ரவுண்டுக்கு வரும்போது எழுப்ப முடியாத நிலையில் இருப்பார். இரண்டு சிரிஞ்சுக்கும் மூடியின் நிறத்தைத் தவிரப் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மூடியைக் கழற்றிய பிறகு சிரிஞ்சின் மேல் அச்சிட்டதைப் படித்தால்தான் தெரியும்.

டிரிப் கணக்கும் இப்படித்தான். 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெட்டில் "சிஸ்டர், ட்யூப்ல ரத்தம் ஏறுது" என்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நெறிமுறை. பொது வார்டில் ஒருவர் பத்து, பதினைந்து பேரைப் பார்ப்பது நடைமுறை. அலுவலகத்தில் தப்பான எக்ஸெல் ஃபைலை அனுப்பிவிட்டால் "ப்ளீஸ் இக்னோர் மை ப்ரீவியஸ் மெயில்" என்று இன்னொன்று அனுப்பலாம் இல்லையா?

மீதி நேரம் எழுத்து வேலை. கேஸ் ஷீட், இன்டேக்-அவுட்புட், மருந்து சார்ட், இன்டென்ட், அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர். செய்ததை எழுதவில்லை என்றால் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஹேண்ட்ஓவர் முடியாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் இரண்டு மணிக்கு முடிய வேண்டிய மார்னிங் டியூட்டி மூன்றைத் தொடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, 80 கிலோ ஆளை இருவராகத் தூக்கி ட்ராலிக்கு மாற்றுவது போன்றவற்றில் முதலில் போவது இடுப்பு. ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பமே வாங்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை, நான் அழுத்திச் சொல்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய வேலையை விடத் தேவையில்லை. ஒரு வார லீவு போதும். உங்கள் ஊர் ஜி.ஹெச்.சில் உறவினரோ தெரிந்தவரோ அட்மிட் ஆனால், இரவு துணைக்கு இருக்கும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்குங்கள். மூன்று இரவு இருந்தால் போதும். வலி நிவாரணப் பராமரிப்பு மையங்களில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு மாதம் போய், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு முதுகு துடைத்து, துணி மாற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் கஞ்சி ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மலம் சுத்தம் செய்யும்போது அல்ல, அதற்குப் பிறகு அதே நோயாளி உங்கள் மேல் எரிந்து விழும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

கல்லூரி வாழ்க்கை இன்னொரு சோதனை. கூடப் படிப்பவர்களுக்குப் பதினேழு வயது. ட்யூட்டருக்கு உங்களைவிட வயது குறைவாக இருக்கலாம். அவர் வரும்போது எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" சொல்ல வேண்டும். பல இடங்களில் ஹாஸ்டல் கட்டாயம், செல்போனுக்கு நேரம் உண்டு, வெளியே போக வீட்டிலிருந்து கடிதம் வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை உள்ள பெண்ணிடமும் "பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். சிரிப்பாக இருக்கும், மூன்றாவது தடவை சிரிப்பு வராது. டே ஸ்காலருக்கு அனுமதி உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாடுதான் குறி என்றால் கணக்கு வேறு மாதிரி. வளைகுடாவுக்குப் பொதுவாகப் படிப்புக்குப் பின் 2 வருட அனுபவம், டேட்டாஃப்ளோ எனும் சான்றிதழ் சரிபார்ப்பு, அந்தந்த நாட்டுத் தேர்வு. பிரிட்டனுக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் எழுதுவதில் சி பிளஸ், மற்றவற்றில் பி. பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு, ஏ1-இல் தொடங்கும் ஆறு மொழிப் படிகளில் நான்காவதான பி2 அளவு ஜெர்மன். எப்படிப் பார்த்தாலும் இன்று தொடங்கினால் ஆறு வருடம் ஆகும். சவூதி, குவைத் போன்ற குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதை 2015 முதல் அரசு நிறுவனங்கள் வழியாக என்று ஆக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓ.எம்.சி.எல். மற்ற நாடுகளுக்குப் பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஐந்து லட்சம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், போனை வைத்துவிடுவார்.

பிளஸ் டூவில் உயிரியல் இல்லாதவர்களும் வருமானம் நிற்கக் கூடாது என்பவர்களும் பார்க்க வேண்டியது ஜெர்மனியின் ஆஸ்பில்டுங். மூன்று வருடத் தொழிற்பயிற்சி, படிக்கும்போதே மாதச் சம்பளம். பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் வருடமே வரிக்கு முன் 1,300 யூரோவுக்கு மேல். மொழியை இங்கே வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் படிக்கலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. ஏ1-இல் தொடங்கி பி2 தொட ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளுங்கள். மொழி வரவில்லை என்றால் இழந்தது வகுப்புக் கட்டணம் மட்டும். வேலை கையில் இருக்கும். முப்பதை ஒட்டிய வயதில் என்னைக் கேட்டால், தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டுவதைவிட இதைத்தான் முதலில் முயலச் சொல்வேன்.

விடுவது என்று முடிவானால் எந்த மாதம் விடுகிறீர்கள் என்பதிலும் பணம் இருக்கிறது. ஐந்து வருடம் நிறைய ஆறு மாதம் இருக்கும்போது ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கைவிட்டுப் போகலாம். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. பி.எஃப். பணத்தை ஐந்து வருடச் சேவைக்கு முன் எடுத்தால் வரி. ஒன்பது வருடம் போல் ஆகியிருந்தால் பத்தை எட்டிவிட்டு வருவது நல்லது, ஓய்வூதியத் திட்டத்தில் தகுதி அங்கேதான் தொடங்குகிறது. அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மா இருந்தால், விலகும் நாளிலிருந்து அவர்களுக்குக் காப்பீடு இல்லை. வேறு பாலிசியை முன்கூட்டியே எடுத்துக் காத்திருப்புக் காலத்தை ஓடவிடுங்கள். கல்விக் கடன் வங்கியில் 4 லட்சம் வரை அடமானமும் சொந்தப் பங்கும் இல்லாமல் கிடைக்கும். ஆனால் வீட்டுக் கடனோ பர்சனல் லோனோ ஓடிக்கொண்டிருந்தால் மேனேஜர் முகம் மாறும்.

நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் சேர்க்கைத் தேதியோடு மோதும். விடுப்பு நாட்களைச் சேர்த்து வைத்து, அதைக் கொண்டு நோட்டீஸை ஈடுகட்ட ஹெச்.ஆர். ஒப்புவார்களா என்று முன்பே விசாரியுங்கள். சான்றிதழ்களில் தாமதமாவது பெரும்பாலும் கடைசியாகப் படித்த கல்லூரியின் டி.சி.யும் படிப்பு இடைவெளிக்கான நோட்டரி உறுதிமொழியும்தான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்; நடுவில் விலக நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் உங்கள் பிடி.

கடைசியாக ஒன்று. ரத்தத்தின் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். வார்டு போஸ்டிங் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடும், தவறுதலாகக் கையில் ஊசி குத்திக்கொள்வதும் பெரும்பாலும் கை பழகாத அந்த நாட்களில்தான். கலந்தாய்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது என்றால் முதல் தவணையை இந்த வாரமே போட்டுக்கொள்ளலாம்.